மட்டமும் வாட்டமும்: வடிகால் தோண்டுவோரின் அளவைச் சொற்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், சிங்கப்பூரில் பணிபுரியும் கட்டுமானத் தொழிலாளர்க்கென எழுதப்பட்ட பயிற்சிக் குறிப்பொன்றின் தமிழாக்கம் சரிபார்ப்புக்காக என்னிடம் வந்தது. அகழ்பொறி கொண்டு வடிகால் தோண்டும் முறையைப் பற்றியது அது. 'ஒவ்வொரு மூன்று மீட்டருக்கும் தரத்தைச் சரிபார்க்கவும்' என்றொரு வரி அதில் இருந்தது. எதன் தரம்? மண்ணின் தரமா, வேலையின் தரமா? மூலத்தில் இருந்த சொல் 'கிரேடு'. பள்ளிக்கூடத்தில் அது தரம். பள்ளத்தில் அது வாட்டம். மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்தார், பணித்தளத்தைப் பார்க்கவில்லை.

வாட்டம் என்றதும் மாணவர்க்கு முகவாட்டமும் பயிரின் வாட்டமும் நினைவுக்கு வரும். கொத்தனாருக்கோ, நீர் வழிந்தோடுவதற்காகத் தளத்தில் வைக்கும் சாய்வே வாட்டம். மொட்டைமாடித் தளம் போடும்போது 'தண்ணி வாட்டம்' பார்ப்பது அவர் வழக்கு. சாய்வே இல்லாத கிடைநிலை மட்டம் எனப்படும். 'மட்டமான பொருள்' என்பதிலும், பள்ளிக்கு 'மட்டம் போடுதல்' என்பதிலும் அதே சொல் வேறு வேலை பார்ப்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். அளவுக் கருவியின் பெயராகவும் அது நிற்கிறது: மூலைமட்டம், ரசமட்டம். ரசமட்டத்தின் கண்ணாடிக் குழலுக்குள் இருப்பது பாதரசம் அன்று, சாராயம். ஆயினும் அப்பெயரால் எந்தச் சுவரும் கோணியதில்லை. பெயர் பிழைபடுவதும் கட்டளை பிழைபடுவதும் ஒன்றல்ல.

வாட்டத்தின் கணக்கு எளிது. 30 மீட்டர் நீளமுள்ள வடிகாலுக்கு வரைபடம் 1:200 என்று குறித்தால், தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையே இறக்கம் 150 மில்லிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. அதையே கருவி 0.5 சதவீதம் என்று கேட்கும். மேற்பார்வையாளர் மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் என்பார். மூன்றும் ஒன்றே. இந்தச் சிறு இறக்கம் இடையில் கெட்டால் வண்டல் படியும், நீர் தேங்கும்; தேங்கிய தெளிந்த நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதற்கு அஞ்சி அதிகமாகத் தோண்டிவிட்டு மண்ணை மீண்டும் இட்டு நிரப்பினாலும் தீராது. ஒருமுறை கலைந்த மண்ணை நன்கு இறுக்காவிட்டால் அது பின்னர் அமிழும். அதன்மேல் கிடக்கும் குழாயும் உடன் அமிழும். ஆகவே குறைவாகவும் தோண்டலாகாது, மிகையாகவும் தோண்டலாகாது.

முன்பெல்லாம் இதற்கென ஒருவர் அளவுகோலுடன் பள்ளத்துக்குள் இறங்குவார். இயந்திரம் நிற்கும், அவர் அளப்பார், ஏறுவார், இயந்திரம் மீண்டும் தோண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல் எடையுள்ளது. பக்கச் சுவர் சரிந்தால் இடுப்பளவு மண்ணே ஒருவரை மீளவிடாது. அந்த மனிதரைப் பள்ளத்திலிருந்து வெளியேற்றியதே லேசர் உணரியின் முதற்பயன் என்பேன்; நேர மிச்சம் அடுத்ததே.

அதன் இயக்கத்தைக் காண்போம். முக்காலியின்மேல் நிற்கும் லேசர் கருவியின் தலை வேகமாகச் சுழல்கிறது. அதிலிருந்து புறப்படும் ஒளிக்கதிர் பணித்தளத்தின்மீது கண்ணுக்குப் புலப்படாத ஒரு தட்டையான தளத்தை விரிக்கிறது. அத்தளத்தை மட்டமாக வைக்கலாம். வாட்டம் வைக்கும் வகைக் கருவியானால் வடிகாலின் திசையில் 0.5 சதவீதம் சாய்த்தும் வைக்கலாம். சாய்த்துவிட்டால் ஒளித்தளமும் வடிகாலின் அடியும் இணையாகச் செல்லும். எந்த இடத்தில் அளந்தாலும் இடைவெளி ஒன்றே. ஏற்றம், இறக்கம் என்னும் குறியை மட்டும் மாற்றி இட்டுவிடக் கூடாது. முக்காலியை யாரேனும் இடறியிருக்கவும் கூடும் என்பதால், உணவு இடைவேளைக்குப் பின் உயரம் தெரிந்த ஒரு புள்ளியில் மீண்டும் சோதித்துக்கொள்வது நல்லது.

அகழ்பொறியின் முன்கையில், அதாவது தொழிலாளர் 'ஆர்ம்' என்னும் பகுதியில், உணரி பொருத்தப்படுகிறது. அதன் சாளரத்தில் ஒளியுணரும் துகள்கள் மேலிருந்து கீழாக வரிசையாய் உள்ளன. கதிர் எவ்விடத்தில் படுகிறது என்பதைக் கொண்டு அது அம்புக்குறியையோ நடுக்கோட்டையோ காட்டும். முதலில் பள்ளத்தின் தொடக்கத்தைச் சரியான ஆழத்திற்குத் தோண்டி, அளவுகோலால் உறுதி செய்துகொள்ள வேண்டும். அங்கே வாளியின் பற்களை ஊன்றி, முன்கையை நேர்க்குத்தாக நிறுத்தி, நடுக்கோடு ஒளிரும்வரை உணரியை மேலும் கீழும் நகர்த்தி, அவ்விடத்திலேயே இறுக்க வேண்டும். அதன்பின் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்காமலே தம் ஆழத்தை அறிவார்.

'நேர்க்குத்தாக' என்ற சொல்லை அக்குறிப்பு விட்டுவிட்டது. இது சிறு குறையன்று. பற்களுக்கும் உணரிக்கும் இடையே 3 மீட்டர் இருப்பதாகக் கொள்வோம். முன்கை 5 பாகை சாய்ந்திருந்தால் பிழை ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். 10 பாகை சாய்ந்தாலோ ஏறத்தாழ 46 மில்லிமீட்டர். சாய்வு இருமடங்கு, பிழை நான்கு மடங்கு. சாய்ந்த கை உயரத்தில் குறைவதால், உணரி 'சரி' என்னும்போது பள்ளம் அந்த அளவுக்கு ஆழம் குறைந்தே இருக்கும். மொத்த இறக்கமே 150 மில்லிமீட்டராக இருக்கையில் அதில் மூன்றிலொரு பங்கு அளவுக்குப் பிழை நேர்கிறது. கை சாய்ந்திருப்பதைத் தனி விளக்கால் உணர்த்தும் உணரிகளும் உள்ளன. அவற்றிலும் வாளியைக் கட்டும்போது வைத்த அதே மடிப்பில் ஒவ்வொரு முறையும் வைத்தல் ஓட்டுநரின் பொறுப்பே.

அக்குறிப்பின் பெரும்பிழை வேறு. 'கீழ் அம்பு: பள்ளம் தாழ்வாக உள்ளது' என்று அதில் எழுதியிருந்தது. உண்மை இதற்கு நேர்மாறானது. பெரும்பாலான உணரிகளில் கீழ்நோக்கிய அம்பு, உணரி ஒளித்தளத்துக்கு மேலே நிற்கிறது, அதைத் தாழ்த்துக என்று பொருள்படும். ஆகவே இன்னும் தோண்ட வேண்டும். ஒலியும் அப்படியே: விரைந்து ஒலித்தால் மேடு, மெதுவாக ஒலித்தால் ஆழம் மிகுதி, இடையறாது ஒலித்தால் சரி. அம்பு நிலையைக் கூறும் வாக்கியமன்று, ஏவல் வினை. இலக்கண வகுப்பில் ஏவலைச் செய்தி வாக்கியமாகக் கொண்டால் மதிப்பெண் குறையும். இங்கே ஓட்டுநர் ஆழம் போதாத பள்ளத்தில் வேலையை நிறுத்துவார்.

கருவிக்கு என்ன பெயர் இடுவது என்பதையும் யோசித்தேன். மொழிபெயர்ப்பாளர் 'ஒளிவாங்கி' என்றிருந்தார். ஆக்க முறையில் பழுதில்லை. ஆனால் என்முன் இம்மேடையில் இருப்பது ஒலிவாங்கி. நம்மில் பலர் பேச்சில் ளகரமும் லகரமும் ஒன்றாகிவிட்ட நிலையில், இயந்திர இரைச்சலுக்கு நடுவே அவ்விரண்டையும் பிரித்தறியுமாறு ஒருவரைக் கேட்பது நியாயமன்று. தொழிலாளரோ 'ரிசீவர்' என்றே வழங்குகின்றனர். நான் 'லேசர் உணரி' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'ரிசீவர்' என்பதையும் சேர்த்தேன்.

திருத்தி அனுப்பிய பகுதி இது: 'மூன்று மீட்டருக்கு ஒருமுறை வாட்டம் பார்க்கவும். வாளியை ஊன்றி, ஆர்மை நேர்க்குத்தாக நிறுத்தவும். கீழ் அம்பு தெரிந்தால் இன்னும் தோண்டவும். நடுக்கோடு தெரிந்தால் நிறுத்தவும். மேல் அம்பு தெரிந்தால் ஆழம் கூடிவிட்டது. மண்ணை அள்ளிப் போடாமல் மேற்பார்வையாளரை அழைக்கவும்.'