காணியும் கணக்கும்



காணி விற்போரையும் வாங்குவோரையும் கூட்டிவைப்பவனைத் தரகன் என்கிறோம். ஊரார் அச்சொல்லைச் சற்று முகஞ்சுளித்தே உச்சரிப்பர். அதற்குக் காரணமும் உண்டு. 2009 ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணத்தில் இத்தொழிலை மேற்கொண்டவன் நான். இப்போது என்னை நாடி வருவோர் பெரும்பாலும் கையிலே தொலைபேசியை விரித்துப் பிடித்தபடி வருகின்றனர். அதிலே ஓர் இணையத்தளம் திறந்திருக்கும். “பரப்பு இவ்வளவு என்று இதிலே போட்டிருக்கிறதே, நீர் ஏன் வேறு விலை சொல்கிறீர்?” என்பதே அவர்களின் முதற் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு ஒரு வாக்கியத்தில் விடை கூற இயலாது. ஆகையால் அதனையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதலிலே பரப்பு என்பது யாது? பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஒரு பரப்புக்கு 18 குழி. கொழும்பார் வழங்கும் பேர்ச்சஸ் கணக்கிலே 10. சதுர அடியிற் கூறின் 2,722.5. இந்த இரண்டு அளவும் ஒரே இணையப் பக்கத்திலே அருகருகே வரும்போது வேடிக்கைகள் நிகழ்கின்றன. எங்கள் பரப்பின் விலையைப் பேர்ச்சஸின் விலையென மயங்கி, “இங்கும் கொழும்பு விலைதானா!” என்று பெருமூச்செறிந்து திரும்பிப் போன கனவான் ஒருவரை நான் வீதி வரை ஓடிப்போய் அழைத்துவர நேர்ந்தது. பழைய உறுதிகளிலோ இன்னும் ஒரு சிக்கல் உண்டு. அவற்றில் நிலத்தின் அளவோடு வரகு விதைப்பு, நெல் விதைப்பு என்னும் குறிப்பும் சேர்ந்து வரும். இவ்விரண்டும் ஒரே அளவல்ல. அளவையாளரின் படத்தைப் பாராமல் உறுதியின் எண்ணை மட்டும் இணையத்திலே ஏற்றுவோர் இதனை அறியார்.

அளவு கிடக்கட்டும், விலைக்கு வருவோம். ஒரு காணிக்கு விலை ஒன்று என்று எண்ணுகிறோம். என் அனுபவத்தில் அதற்கு மூன்று விலைகள் உள. உரிமையாளர் கேட்கும் விலை ஒன்று. இணையத்தளத்திலே நாம் காண்பது அதுவே. ஆசையின் அளவு அது. காசு கைமாறும் விலை மற்றொன்று. அதனை வாங்கியவரும் விற்றவரும் நடுவில் நின்றவனுமே அறிவர். மூன்றாவது, உறுதியிலே எழுதப்படும் விலை. கைமாற்றத்தின்போது செலுத்தவேண்டிய முத்திரை வரி பெரும்பாலும் நூற்றுக்கு நான்கு வீதம் என்பதால், உறுதியில் எண் சுருங்கி நிற்பதில் வியப்பில்லை. இஃது ஒழுங்கன்று என்பதை நான் மறுக்கவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். ஆகவே இணையத்தளத்தைப் பார்த்துச் சராசரி கண்டால் உண்மைக்கு மேலே நிற்போம்; பதிவேட்டைப் பார்த்துச் சராசரி கண்டால் உண்மைக்குக் கீழே நிற்போம். மத்திய வங்கி, விலைமதிப்புத் திணைக்களத்தின் மதிப்பீடுகளைக் கொண்டு, கொழும்பு மாவட்டக் காணிகளுக்கென ஒரு சுட்டெண்ணை அரையாண்டுதோறும் கணித்து வெளியிட்டு வந்திருக்கிறது. ஆசையையும் வரியையும் விலக்கிய கணக்கு என்றவகையில் அது நல்ல முயற்சி. ஆனால் அது கொழும்பின் கணக்கு. எங்கள் ஒழுங்கைக்குள் அது நுழையாது.

சராசரி என்பதிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஓர் ஊரிலே இவ்வாண்டு வீதியோரக் காணிகள் நான்கு விற்பனையாயின. அடுத்த ஆண்டு உள்ளொழுங்கைக் காணிகள் நான்கு விற்பனையாயின என்று வைத்துக்கொள்வோம். எந்தக் காணியின் விலையும் ஒரு சதமேனும் மாறாதிருக்க, சராசரி மட்டும் சரிந்துவிடும். ‘விலை வீழ்ச்சி’ என்று பத்திரிகையும் எழுதும். அமெரிக்காவிலே கார்ல் கேஸ், ரொபேட் ஷில்லர் என்னும் பொருளியலறிஞர் இருவர் 1980களிலே இதற்கு ஒரு வழி செய்தனர். வெவ்வேறு வீடுகளை ஒப்பிடாது, ஒரே வீடு இரண்டு முறை விற்கப்பட்டபோது கிடைத்த இரு விலைகளை மாத்திரம் ஒப்பிடுதல் என்பதே அவ்வழி. எளிமையும் நுட்பமும் வாய்ந்த யோசனை.

ஆயினும் அந்த யோசனையை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தால் என்னாகும்? இங்கே ஒரு வளவு இருமுறை விற்கப்படுவதற்கு எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டும்! ஒல்லாந்தர் காலத்திலே, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி திரட்டி, 1707 இல் நடைமுறைக்கு வந்த தேசவழமைச் சட்டத்திலே முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று ஆதனம் வகுக்கப்பட்டிருக்கிறது. இம்மூன்றிலே விலை பேசி வாங்கப்படுவது தேடிய தேட்டம் மட்டுமே. முதுசம் தந்தையிடமிருந்து வருகிறது. சீதனம் மகளோடு போகிறது. தாயின் வளவு மகளுக்கும், மகளின் வளவு பேத்திக்கும் போய்க்கொண்டேயிருக்க, அதன் விலை என்னவென்று எவரும் வாய்திறந்து சொல்வதேயில்லை. எங்கள் மண்ணின் பெரும்பகுதி இவ்வாறு விலையின்றியே கைமாறுகிறது. விற்கப்படும் சிறுபகுதியை வைத்து முழு ஊரின் விலையைச் சொல்வது, கடையிலே விற்கும் தேங்காயை எண்ணி ஊரிலுள்ள தென்னையைக் கணக்கிடுவது போன்றது.

விலை நிற்க, வீடுகளின் தொகையையேனும் சரியாக அறிவோமா? இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 1981 ஆம் ஆண்டிலே 738,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2012 ஆம் ஆண்டிலே அத்தொகை 583,000 அளவுக்கு இறங்கியிருந்தது. இடையிலே 31 ஆண்டுகள். 1991 இல் குடிசன மதிப்பு நாட்டில் எங்கணுமே எடுக்கப்படவில்லை. 2001 இல் முழுமையாக எடுக்கப்பட்ட 18 மாவட்டங்களுள் யாழ்ப்பாணம் இடம்பெறவில்லை. அந்த 31 ஆண்டுகளில் எந்த வீடு இடிந்தது, எந்த வீட்டார் எங்கே சென்றனர் என்பதற்கு எண் இல்லை. இன்று எண் எடுப்போர் பூட்டிய கதவைக் கண்டால் ‘ஆளில்லாத வீடு’ என்று குறித்துச் செல்வர். அக்கதவின் திறவுகோல் ரொறன்ரோவிலே ஓர் அலுமாரிக்குள் இருக்கலாம். பத்து ஆண்டு எவர் இடையூறுமின்றி ஆண்டால் காணியிலே உரித்து உண்டாகலாம் என்பது நாட்டுச் சட்டம். ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் வழக்குத் தொடுக்க முடியாதிருந்தோருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அக்கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் இடங்கொடுத்தது. அதற்கு அளிக்கப்பட்ட தவணையோ இரண்டே ஆண்டு. செய்தி அறிந்து உறுதியைத் தேடி எடுப்பதற்குள் தவணை கடந்தோரை நான் கண்டிருக்கிறேன்.

இனி, இணையத்தளத்திலே காணியை விளம்பரஞ் செய்வதற்கு நிரப்பவேண்டிய படிவத்தைப் பாருங்கள். அறை எத்தனை, குளியலறை எத்தனை, பரப்பு எவ்வளவு, விலை என்ன, படங்கள் எத்தனை. பாதை யாருடையது என்று அது கேட்பதில்லை. எங்கள் உறுதிகளிலே காணிக்குப் பெயர் உண்டு. கலட்டி என்றும் அடைப்பு என்றும் புலம் என்றும் முடியும் அழகான பெயர்கள். நான்கெல்லையும் அயலார் பெயரால் எழுதப்பட்டிருக்கும். அவற்றின் கீழே வழிவாய்க்கால் உரிமை, கிணற்றிலே பங்கு, நீர் அள்ளும் உரிமை என்று ஒரு வரி வரும். அந்த வரியைப் பாராது காணி வாங்கியவர் மதிலேறிக் குதித்துத்தான் தம் வளவுக்குள் நுழைய வேண்டியிருக்கும். அயல் எப்படிப்பட்டது, கடைக்காரர் கடன் கொடுப்பாரா, மழைக்கு ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமா என்பனவற்றை அறிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றே: காலை ஆறு மணிக்குச் சந்தியிலுள்ள தேநீர்க்கடையிலே ஒரு மணி நேரம் பேசாதிருத்தல். பேசாதிருத்தல் தரகனுக்குக் கடினமான வேலைதான்.

எல்லாவற்றிலும் பெரியது நீர். யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது, ஆதலின் மிதக்கிறது. கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் இதற்கு ஒரு கணக்குக் கண்டனர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே அது ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு இருக்கும். இதனை மறுபுறமாகப் படித்தால் அச்சம் பிறக்கும். மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலெழும். துலாவால் இறைத்த காலத்திலே மனிதன் களைத்துப்போவான், கிணறு இளைப்பாறும். மின்பம்பிகளுக்குக் களைப்பில்லை. ஆகையால் கடலையண்டிய ஊர்களிலே தை மாதத்தில் இனிக்கும் கிணறு ஆடி, ஆவணியில் உவர்க்கும்.

இதனை நான் புத்தகத்திலே கற்கவில்லை. 2011 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குக் கடலோர ஊரொன்றிலே இரண்டு பரப்புக் காணியை வாங்கிக் கொடுத்தேன். அவரது பணிக்கொடை முழுவதும் அதிலே போயிற்று. உறுதி பார்த்தேன், பதிவகத்திலே தேடினேன், பாதை பார்த்தேன். கிணற்றையும் பார்த்தேன், கைக்கெட்டும் உயரத்திலே தெளிந்த நீர். ஒரு வாளி அள்ளிக் குடித்து, “தேன் போல இருக்கிறது, மாஸ்ரர்” என்று சொன்னவன் நானே. அவ்வூரில் நீர் ஆடியிலே எப்படியிருக்கும் என்று அயலவர் எவரையும் கேட்கவில்லை. தரகுப் பணம் அந்த வாரமே கிடைக்கவேண்டுமென்ற அவசரம் எனக்கு.

ஆவணியிலே அவ்வழியாகச் சென்றபோது ஆசிரியர் என்னை அழைத்து இருத்தித் தேநீர் கொடுத்தார். வாயில் வைத்தேன்; உவர்த்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் கோப்பையை அமைதியாகக் குடித்து முடித்தார். நானும் குடித்து முடித்தேன். எழும்போது, “தம்பி, குடிக்கிறதுக்குச் சந்தியிலே பொதுக்குழாய் இருக்கிறது, சைக்கிளிலே எடுத்து வருகிறேன்” என்று மட்டும் கூறினார். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. தரகுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முயன்றேன், வாங்கவில்லை.

அதன்பின் காணி பார்ப்பதை ஆடி, ஆவணிக்கே வைத்துக்கொள்ளுமாறு எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். தொழில் சற்றுக் குறைந்தது.

இப்போது அந்த ஆசிரியர் தனித்துவிட்டார். வவுனியாவிலிருக்கும் மகளோடு போய் இருக்க எண்ணி, வீட்டை விற்றுத் தருமாறு என்னையே கேட்டார். கிடைக்கும் பணத்திலே மகளின் வீட்டோடு தமக்கென ஓர் அறை கட்டுவது அவரது திட்டம். சென்ற தை மாதம் இணையத்தளத்துக்குப் படிவம் நிரப்பினேன். ‘கிணறு: உண்டு’ என்று எழுதி நிறுத்தினேன். அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “தம்பி, ஆடி ஆவணியிலே உவர்க்கும் என்பதையும் எழுதும்” என்றார். விலை வெகுவாக இறங்கும் என்று விளக்கினேன். அவர், “எழுதும்” என்றார். எழுதினேன். மறுநாளே வெளிநாட்டிலுள்ள அவர் மகன் என்னை அழைத்துக் கோபித்துக்கொண்டார். “அப்பாவுக்கு வயது போய்விட்டது, நீராவது யோசித்திருக்கலாமே” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஐந்து மாதமாக அந்த விளம்பரத்தைப் பார்த்து எவரும் அழைக்கவில்லை. சென்ற வாரம் இலண்டனிலிருந்து ஒருவர் அழைத்தார். பிறந்த ஊர் அதுதானாம். சிறுவயதிலே அக்கிணற்றின் அயற்கிணற்றில் குளித்தவராம். “எவ்வளவு உவர்க்கும்?” என்று கேட்டார். தொலைபேசியிலே சொல்ல முடியாது, வந்து குடித்துப் பாருங்கள் என்றேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாகவும், அப்போது பார்ப்பதாகவும் கூறினார். திருவிழா சரியாக அந்த நாள்களிலேதான் வருகிறது. ஆசிரியரிடம் சொன்னேன், கிணற்றடியைக் கூட்டி, வாளிக்குப் புதுக்கயிறு மாற்றி வைத்திருக்கிறார்.