மாத்திரை இலவசம்... பஸ் காசு? முதியோர் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் மாத வருமானம்!

ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் மக்கள் இன்னமும் 'ராஜா முத்தையா' என்று சொல்லும் மருத்துவமனையும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். இத்தனை இருந்தும், கையில் காசில்லாத முதியவர்களின் உடம்பு சீக்கிரம் தளர்ந்துபோவது ஏன்?

ஒரு நாளைக்கு 40 ரூபாய்

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023-ல் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 40 ரூபாய்.

ரேஷன் அரிசி இருப்பதால் வயிறு நிறைந்துவிடும். முட்டை, பால், காய்கறிக்குத்தான் காசு வேண்டும். மூன்று வேளையும் சோறு மட்டும் என்றால், மாத்திரை போட்டாலும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது சிரமம். புரதம் குறைந்தால் தசை தளரும். தசை தளர்ந்தால் தடுக்கி விழும் ஆபத்து கூடும். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி எழுந்து நடப்பதே இல்லை.

தள்ளிப்போடும் சிகிச்சை

சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தாத்தாக்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். கடலூர் - சிதம்பரம் புறநகர்ப் பேருந்தில் பாட்டிகளும் எடுக்க வேண்டும். துணைக்கு மகனோ மருமகளோ வந்தால், அவர்களுக்கு அன்றைய கூலி போச்சு. அதனால், 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுகிறார்கள். ரத்த அழுத்தம் வலிக்காத நோய் என்பதால் தள்ளிப்போடுவதும் சுலபம். விளைவு, ஒருநாள் பக்கவாதமாக வந்து நிற்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருவது இதனால்தான் முக்கியமாகிறது.

லண்டன் சொன்ன பாடம்

1967-ல் பிரிட்டனில் அரசு ஊழியர்களிடம் தொடங்கிய 'வைட்ஹால்' ஆய்வு உலகப் புகழ்பெற்றது. அங்கும் அரசு மருத்துவம் இலவசம். இருந்தும், கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப்போல சுமார் மூன்று மடங்கு இருந்தது. புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி முழுதாக மறையவில்லை. இலவச சிகிச்சை மட்டும் போதாது என்பதற்கு இது பெரிய சான்று.

நோயும் வருமானத்தைத் தின்கிறது. நாற்று நடவு, மீன் விற்பனை, முந்திரி உடைப்பு எல்லாமே, போனால்தான் கூலி. மூட்டு வலியில் பத்து நாள் படுத்தால் பத்து நாள் வருமானம் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சைக்குக் கைகொடுக்கும். வீட்டில் படுத்திருக்கும் நாள்களின் கூலியை யார் தருவது?

குடும்பங்கள் கவனிக்க...

* உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.
* பிள்ளைகள் கவனிக்காவிட்டால், 2007-ம் ஆண்டு சட்டப்படி பெற்றோர் ஜீவனாம்சம் கேட்கலாம். கடலூர், சிதம்பரம் இரண்டும் தனித்தனி வருவாய்க் கோட்டங்கள். அந்தந்தக் கோட்ட அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.
* வழிகாட்டுதலுக்கு முதியோர் உதவி எண் 14567.
* வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், தீபாவளிக்கு மொத்தமாகத் தருவதைவிட மாதம் 500 ரூபாயானாலும் தவறாமல் அனுப்புங்கள். அந்த மாதத்து முட்டைக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் அது உதவும்.