அளந்து போடுங்கள்: கூப்பன், கேஷ்பேக், ரேஷன் கார்டு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. பொன்முடி அடிவாரத்தில், கல்லாற்றங்கரையில் குடியிருக்கும் எங்களுக்கும் இப்போது கைப்பேசியில் '50 ரூபாய் தள்ளுபடி', 'கேஷ்பேக்' என்று செய்தி வந்தவண்ணம் இருக்கிறது. இவற்றால் மளிகைச் செலவு உண்மையில் குறையுமா என்று நம் சங்கக் குடும்பங்கள் பல கேட்கின்றன. குறையும், ஆனால் கணக்குப் பார்த்தால்தான் குறையும்.

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுக்கும் கூப்பனைக் கடையில் கொடுத்தால், அந்தத் தொகையைப் பொருளைத் தயாரித்த நிறுவனம் கடைக்காரருக்குத் திருப்பித் தந்துவிடும். நம் நாட்டில் 2016-ல் யு.பி.ஐ. வந்தது. 2017-ல் 'டெஸ்' என்ற பெயரில் தொடங்கிய கூகுள் பே போன்ற ஆப்கள், சுரண்டும் அட்டையில் சிறு தொகை தந்து மக்களைப் பழக்கின. ஆக, இது யாரும் தரும் தானம் அல்ல. வாடிக்கையாளரைப் பிடிக்க ஒதுக்கிய விளம்பரச் செலவு. பழக்கம் வந்தபின் பரிசு சுருங்கும். இன்று சுரண்டினால் பெரும்பாலும் பணத்துக்குப் பதில் வேறொரு கடையின் கூப்பனே வருகிறது.

இரண்டாவது, தள்ளுபடி எந்த விலையிலிருந்து என்று பாருங்கள். பொட்டலத்தில் அச்சிட்ட எம்.ஆர்.பி. என்பது உச்சவரம்பு மட்டுமே. அதற்குக் குறைத்து விற்கத் தடையில்லை. உதாரணமாக, எம்.ஆர்.பி. 180 ரூபாய் உள்ள ஒரு கிலோ பருப்பை ஆப்பில் 20 ரூபாய் கேஷ்பேக்குடன் வாங்கினால் 160 ஆகிறது. அதே தரப் பருப்பு பக்கத்துக் கடையில் சில்லறையாக 150-க்குக் கிடைத்தால் நமக்கு 10 ரூபாய் நஷ்டம்தான்.

இதற்குச் சட்டமே ஒரு வழி செய்திருக்கிறது. 2021-ல் திருத்தப்பட்ட பொட்டலப் பொருள் விதிகளின்படி, எம்.ஆர்.பி.யுடன் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராம் விலை இருக்கும். அதை ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை. 'பெரிய பாக்கெட் லாபம்' என்பது எப்போதும் உண்மையல்ல என்பது அப்போது தெரியும்.

மூன்றாவது, குறைந்தபட்சக் கொள்முதல். 500 ரூபாய்க்கு வாங்கினால் 50 தள்ளுபடி என்பார்கள். நமக்கு வேண்டியது 380 ரூபாய்ச் சாமான்தான் என்றால், சலுகைக்காக 450 கொடுக்கிறோம். மிச்சமானது 50 அல்ல. கூடுதலாய்ப் போனது 70. ரயில்வேயில் சாமான் வாங்கும்போது விலையோடு வண்டிச் சத்தத்தையும் கூட்டித்தான் ஒப்பிடுவோம். வீட்டுக்கும் அதே கணக்குத்தான். ஆப்பில் வாங்கினால் டெலிவரிக் கட்டணத்தைக் கூட்டுங்கள். கல்லாறிலிருந்து திருவனந்தபுரம் 40 கிலோமீட்டருக்கு மேல். நகரத்துப் பேரங்காடியில் 60 ரூபாய் கூப்பன் என்று இருவர் பஸ் ஏறினால் அந்த அறுபது டிக்கெட்டிலேயே கரைந்துவிடும்.

கேரளத்தில் வாழும் நமக்கு இவற்றைவிடப் பெரிய கூப்பன் ரேஷன் கார்டுதான். 1974-ல் தொடங்கிய சப்ளைகோவின் மாவேலி ஸ்டோர்களில் அரிசி வகைகள், பருப்பு, பயறு, சர்க்கரை, மிளகாய், மல்லி, தேங்காய் எண்ணெய் முதலிய 13 பொருள்கள் மானிய விலையில் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் மானியம் சந்தை விலையில் 35 சதவிகிதம் என மாற்றப்பட்டது. முன்பிருந்ததைவிடக் குறைவுதான், ஆனாலும் எந்த ஆப் மாதாமாதம் இவ்வளவு தரும்? கார்டுடன் சென்று, அன்றைய இருப்பைக் கேட்டு வாங்குங்கள்.

வேலைக்காக வந்து, தமிழ்நாட்டுக் கார்டை மட்டும் வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். கார்டில் பி.எச்.எச். அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்று அச்சிட்டிருந்தால், 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டப்படி கேரள ரேஷன் கடையிலேயே தானியம் வாங்கலாம். ஆதார் இணைந்திருக்க வேண்டும். கடையில் விரல் ரேகை வைக்க வேண்டும். முதல் வகைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ, இரண்டாம் வகைக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இது இலவசம். தமிழ்நாடு தனியாகத் தரும் பருப்பும் பாமாயிலும் இங்கே கிடைக்காது. விவரத்துக்கு 14445 என்ற எண்ணை அழைக்கலாம். மாதாமாதம் அரிசியை விலைக்கு வாங்கும் கூலித் தொழிலாளர் வீட்டுக்கு இந்தச் செய்தியைத் தயவுசெய்து கொண்டு சேருங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. 'கேஷ்பேக் வந்திருக்கிறது, பின் எண்ணைப் போடுங்கள்' என்று யார் சொன்னாலும் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

ஆகவே, முதலில் தேவைப் பட்டியல், அடுத்து ரேஷன் கடையும் மாவேலி ஸ்டோரும், பிறகு கிலோ விலை ஒப்பீடு, கடைசியில் கூப்பன். இந்த வரிசையில் சென்றால் மிச்சம் நம் வீட்டிலேயே தங்கும்.