கோடை இடிமழையும் கிராமத்தார் கடமையும்

திருவண்ணாமலைப் பிரதேசத்தில் மழை என்றால் ஆனி முதல் மார்கழி வரையில் பெய்யும் இரு பருவ மழைகளையே குடியானவர்கள் கணக்கில் கொள்வது வழக்கம். ஏரிகளையும் கிணறுகளையும் நிரப்புவன அவையே. ஆயினும் அவற்றிற்கு முன்னதாகப் பங்குனிக் கடைசி முதல் வைகாசி வரையில் ஆகாயம் நிலைகொள்ளாத நாட்கள் சில வருவதுண்டு. காலையில் வெயில் கொளுத்தும். பிற்பகலில் வடமேற்கே ஜவ்வாது மலையின் மேல் கருமேகம் திரளும். அந்தி வேளையில் புழுதிக் காற்றும், இடி மின்னலும், அவற்றோடு ஒரு பாட்டம் மழையும் வந்து, இரவில் வானம் வெளுத்துவிடும். மறுநாளும் இவ்வாறே நிகழும். சில சமயம் இந்நிலை ஐந்தாறு நாட்கள் நீடிக்கும்.

இம்மழை ஆண்டின் மொத்த மழையில் ஒரு சிறு பங்கே. ஆனால் அதனால் விளையும் லாபமும் நஷ்டமும் சிறியனவல்ல. அறுத்த நெல்லைக் களத்தில் முளைக்கச் செய்வதும் இதுவே. அடுத்த போகத்துக்கு நிலத்தைப் பதப்படுத்துவதும் இதுவே. இவ்விரண்டில் எது நேரும் என்பது பெரும்பாலும் அந்த ஒரு வாரத்தில் கிராமத்தார் செய்யும் வேலையைப் பொறுத்தது.

இம்மழை உண்டாகும் விதம்

சித்திரை வெயிலில் தரை மிகவும் காய்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடேறி இலேசாகி மேலெழுகிறது. இக்காலத்தில் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று கிழக்கேயிருந்து உள்நாட்டிற்குள் வீசுகிறது. மேற்கே பீடபூமியிலிருந்து வறண்ட காற்று வருகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் ஈரக்காற்று மேலே தள்ளப்படுகிறது. உயரச் செல்லச் செல்லக் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி மேகமாகிறது. இடிமேகத்தின் உச்சி 40,000 அடிக்கும் மேலே செல்லக்கூடும். அவ்வளவு உயரத்தில் நீர் பனிக்கட்டியாக உறைந்துவிடுகிறது. ஆலங்கட்டி மழையின் பிறப்பிடம் அதுவே.

மேகத்தினுள் பனித் துகள்களும் சிறு கட்டிகளும் ஒன்றோடொன்று மோதுவதால் மின்சார சக்தி பிரிந்து சேர்கிறது. அது பாயும்போது காணப்படும் ஒளியே மின்னல். மின்னல் செல்லும் வழியிலுள்ள காற்று ஏறக்குறைய 30,000 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ந்து, திடீரென விரிந்து வெடிக்கும் ஓசையே இடி. மழைக்கு முன்னால் வாழைகளைச் சாய்த்துக் கூரைகளைப் பிரிக்கும் காற்றும் மேகத்திலிருந்தே வருகிறது. மழைத்துளிகளோடு குளிர்ந்த காற்று கீழே விழுந்து தரையில் மோதி நாற்புறமும் சிதறுவதே அது. ஆகையால் புழுதிக் காற்றுக் கிளம்பிய பின் களத்தை மூட ஓடுவது காலங்கடந்த செய்கையாகும்.

ஒவ்வோர் இடிமேகமும் சில மைல் அகலமே உடையது. ஒரு மணி நேர அளவில் தன் வேலையை முடித்துக் கலைந்துவிடும். செங்கத்தில் கொட்டிய மழை தண்டராம்பட்டில் ஒரு துளியும் விழாமற் போவது இதனால்தான். ஜில்லா முழுவதற்கும் கூறப்படும் மழையளவு ஒரு தனிக் கிராமத்துக்குப் பொருந்தாது. அந்தந்தக் கிராமத்தில் பெய்ததை அங்கேயே அளந்தறிவது நலம். பக்கங்கள் நேராயுள்ள ஒரு தகர டப்பாவை, மரமும் கூரையும் மறைக்காத வெளியில் மட்டமாக வைத்து, மறுநாட் காலையில் அதிலுள்ள நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்தால் போதும். நீர் ஓர் அங்குலம் நின்றால் ஓர் அங்குலம் மழை பெய்ததாகும். ஓர் அங்குல மழை ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரைத் தருகிறது. இவ்வளவு நீரைக் கிணற்றிலிருந்து இறைக்க ஆகும் செலவை எண்ணிப் பார்த்தால் இம்மழையின் விலை விளங்கும்.

கோடை உழவு

சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது பழமொழி. மழை பெய்த ஈரத்தில் நிலத்தை உழுது வைத்தால், பின்வரும் மழை ஓடிப் போகாமல் உள்ளே இறங்கும். களைகள் வேரோடு காயும். உழவு சரிவுக்குக் குறுக்கே இருத்தல் வேண்டும். மேலிருந்து கீழாக உழுத நிலத்தில் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகி, மேல்மண்ணை அடித்துக்கொண்டு போய் ஏரியைத் தூர்க்கும்.

பதம் அறிய எளிய வழியொன்றுண்டு. நான்கு அங்குல ஆழத்து மண்ணைக் கையில் பிடித்து உருண்டையாக்கி, இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே விடுக. உருண்டை உதிர்ந்தால் உழலாம். உதிராமல் அப்படியே தங்கினால் பொறுக்க வேண்டும். அப்போது உழுதால் கட்டி விழும். உருண்டையே பிடிக்க வராவிடில் ஈரம் போய்விட்டது. செம்மண் நிலத்தில் இப்பதம் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நில்லாது. களிமண் நிலத்தில் பதம் வருவதும் தாமதம், போவதும் தாமதம்.

இங்கேதான் கிராமத்தின் ஒற்றுமை சோதிக்கப்படுகிறது. மழை பெய்த மறுநாள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் டிராக்டர் தேவைப்படும். வசதியுள்ளவர் முந்திக்கொண்டால், மேட்டுச் செம்மண்ணில் இரண்டு ஏக்கர் உள்ளவர் தம் முறை வருமுன் ஈரத்தை இழப்பார். சங்கம் தலையிட்டு, மேட்டு நிலங்களை முதலிலும் தாழ்ந்த களிமண் நிலங்களைப் பின்னும் உழும்படி வரிசை வகுத்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. வரிசையை நிலத்தின் பதம் தீர்மானிக்க வேண்டுமேயன்றி, நிலத்துக்குடையவரின் செல்வாக்கு தீர்மானிக்கலாகாது.

கம்பளிப் புழு

மானாவாரி நிலக்கடலை பயிரிடும் பகுதிகளில் கோடை உழவுக்கு மற்றொரு முக்கியமான பயனுண்டு. கடலைச் செடியை மொட்டையாக்கும் சிவப்புக் கம்பளிப் புழு, முந்தின பருவத்தில் தின்று தீர்த்தபின் மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகி மாதக்கணக்கில் உறங்குகிறது. வரப்போரங்களிலும் மர நிழலிலும் இவை மிகுதி. உழவினால் மேலே வரும் கூடுகளைக் காக்கையும் மைனாவும் கொத்தித் தின்னும். எஞ்சியவை வெயிலில் மடியும்.

அவ்வாறு அழியாதவை கன மழையை எதிர்பார்த்திருந்து, நிலம் நன்கு நனைந்த சில நாட்களில், மாலைப் பொழுதில் அந்துப்பூச்சிகளாகக் கூட்டங்கூட்டமாய் வெளிவரும். முன் இறகு வெண்மையாயும் பழுப்புக் கோடுகளோடும், ஓரத்தில் மஞ்சள் பட்டையோடும் காணப்படுவதால் இவற்றை எளிதில் அறியலாம். பெண் பூச்சி ஒன்று இலையின் அடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இடும். ஆகவே முதல் சில மாலைகளில் விளக்குப் பொறி வைத்துப் பூச்சிகளைப் பிடித்தல், பின்பு முட்டைக் குவியல்களையும் இளம் புழுக்கள் மொய்க்கும் இலைகளையும் கிள்ளி அழித்தல், வளர்ந்த புழுக்கள் வயல்விட்டு வயல் செல்லாதபடி சுற்றிலும் பள்ளம் வெட்டுதல் என்ற மூன்றும் தகுந்த முறைகள். ஓரப்பயிராக விதைத்த காராமணியும் ஆமணக்கும் புழுக்களைத் தம்பால் இழுக்கும். அங்கே அவற்றைத் திரட்டி அழிப்பது சுலபம்.

இவை யாவும் கிராமம் முழுவதும் ஒரே சமயத்தில் செய்யத்தக்கவை. ஒருவர் மட்டும் தம் வயலில் விளக்கு வைத்து, அண்டை வயலார் வாளாவிருந்தால், அடுத்த வயலில் பிறந்த புழு வரப்பைத் தாண்டி வந்து அவர் செடியையும் தின்னும்.

களத்திலுள்ள தானியம்

நவரை நெல்லும் இறவைக் கடலையும் களத்துக்கு வரும் காலமும் இதுவே. நனைந்த நெல்லைக் குவித்து மூடி வைப்பது பெருந்தவறு. ஈர நெல் மூச்சுவிட்டு உள்ளே சூடு உண்டாக்கும்; ஓரிரு நாட்களில் பழுத்து முளைவிடும். மழை விட்டவுடன் மெல்லிய படுகையாகப் பரப்பி, அடிக்கடி கிளறிக் காற்றாட உலர்த்த வேண்டும். கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரம் பொதுவாக 17 சதவீதத்துக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்பது விதி. களத்தைச் சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டுதலும், மூட்டைகளைத் தரையில் வைக்காமல் கட்டைகளின் மேல் அடுக்குதலும், தார்ப்பாயைப் பகலிலேயே அருகில் விரித்துத் தயாராக வைத்தலும் சிறு செலவில் பெருநஷ்டத்தைத் தடுப்பன.

நனைந்த கடலையில் பச்சைப் பூசணம் பிடிக்கும். அப்பூசணத்தினால் உண்டாகும் நஞ்சு ஈரலைக் கெடுக்கவல்லது, சமைத்தாலும் நீங்காது. குலுக்கினால் பருப்பு உள்ளே ஒலிக்கும் வரையில் காயவைத்த பின்னரே மூட்டை கட்டுதல் வேண்டும். பூசணம் கண்ட பருப்பை மனிதருக்கும் மாட்டுக்கும் கொடுக்கலாகாது.

இவ்வளவு முயன்றும் நஷ்டம் நேரலாம். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுவடைக்குப் பிந்திய சேதத்துக்கான பிரிவு அறிவிக்கை செய்யப்பட்ட இடங்களில், அறுத்து வயலில் உலரப் போட்ட பயிர் 14 நாட்களுக்குள் பருவந்தவறிய மழையால் கெட்டால் இழப்பீடு கோர இடமுண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் அறிவித்தல் வேண்டும். நாலாம் நாள் மனு எழுதிப் பயனில்லை. ஆகையால் சங்கக் காரியதரிசி இந்த வாரத்தில் அலுவலகத்தைப் பூட்டிச் செல்லாதிருத்தல் அவசியம்.

இடியும் மின்னலும்

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் மாண்டதாக அரசாங்கக் கணக்குக் கூறுகிறது. இவ்வகையில் மாள்வோரில் பெரும்பாலோர் வயலிலும் மேய்ச்சல் தரையிலும் வேலை செய்வோர்.

மின்னலைக் கண்டவுடன் விநாடிகளை எண்ணத் தொடங்கி, இடி கேட்கும் வரையில் எண்ணுக. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம் என்பது கணக்கு. எண்ணிக்கை முப்பதுக்குள் இருந்தால் உடனே ஏரைவிட்டு, சுவர்கள் அடைத்த கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளிவரலாகாது. தனிமரத்தடியில் நிற்பதும், மாடுகளை அங்கே கட்டுவதும், கம்பி வேலியருகே இருப்பதும் ஆபத்து. மின்னல் தாக்கினவர் உடலில் மின்சாரம் தங்கியிராது. அவரைத் தொட அஞ்ச வேண்டியதில்லை. மூச்சு நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல்வதும், 108 வண்டியை அழைப்பதும் கடமை.

சித்ரா பௌர்ணமியில் லட்சக்கணக்கான ஜனங்கள் 14 கிலோமீட்டர் மலைவலம் வருகின்றனர். அதுவும் இவ்விடிமழைக் காலமே. 217 அடி உயரமுள்ள இராஜகோபுரத்தின் கலசங்கள் ஊரை இடியினின்று காக்கும் என்று சிலர் நம்புகின்றனர். 1752-ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் என்னும் அமெரிக்கர் விளக்கிய தத்துவத்தின்படி, உச்சியிலுள்ள உலோக முனை தடித்த கம்பியினால் ஈரத்தரையோடு இணைக்கப்பட்டால்தான் மின்சாரம் தீங்கின்றி இறங்கும். அப்போதும் காவல் அந்தக் கட்டடத்துக்கே ஆகும்; கிரிவலப் பாதையில் நடப்போருக்கு ஆகாது. இடி நெருங்கினால் மரத்தடியையும் திறந்த மண்டபத்தையும் நாடாமல், அடைத்த கட்டடத்துக்குள்ளோ கதவு மூடிய பஸ்ஸுக்குள்ளோ செல்வதே பாதுகாப்பு. மலைச்சரிவிலுள்ள ஓடைகளிலும் அப்போது நிற்கலாகாது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆந் தேதி புயல் மழையில் இம்மலைச்சரிவு இடிந்து ஏழு பேர் உயிரிழந்தது மறக்கத்தக்கதன்று. கோடை மழை அப்புயல் மழைக்கு ஈடாகாதெனினும், சரிவிலிறங்கும் வெள்ளம் திடீரென வருவது.

சங்கம் செய்யத்தக்கது

1904-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் முதற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது முதல், சங்கமென்றால் கடன் கொடுக்கும் இடம் என்றே பலர் கருதி வந்திருக்கின்றனர். கடன் வாங்கிப் பயிரிட்ட நெல் களத்தில் முளைத்தால் கடன் திரும்புவதெப்படி? ஆகவே தார்ப்பாய்களைப் பொதுவில் வாங்கி வைத்து முறையாய்க் கொடுப்பதும், உழவு வரிசையை வகுப்பதும், விளக்குப் பொறிகளை ஒரே மாலையில் வைக்கச் செய்வதும், மழையளவையும் வானிலை அறிக்கையையும் பலகையில் எழுதுவதும் சங்கத்தின் வேலைகளே. பங்குனி முடியுமுன் ஒரு கூட்டம் கூட்டி இவற்றை இன்னார் செய்வதென்று பெயர் குறித்துத் தீர்மானித்துக்கொள்ளும் கிராமத்துக்கு, நிலைகொள்ளாத அந்த ஒரு வாரம் நஷ்டமின்றிக் கழிவதோடு, வரும் ஆடிப்பட்டத்துக்கு நல்ல முதலாகவும் அமையும்.