பந்தை விரட்டுவது கையா, இடுப்பா? கோவில்பட்டி ஹாக்கியும் கோல்ஃப் கிளப்பும் சொல்லும் ரகசியம்

தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி என்றதும் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்தான் நினைவுக்கு வரும். விளையாட்டுப் பிரியர்களைக் கேட்டால், ‘அது ஹாக்கிபட்டி’ என்பார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியும் செயற்கைப் புல்வெளி மைதானமும் இங்கே இருக்கின்றன. 2022-ல் தேசிய ஜூனியர் ஆண்கள் சாம்பியன்ஷிப் இங்குதான் நடந்தது. அதே ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில், கோவில்பட்டிக்காரரான மாரீஸ்வரன் சக்திவேலும், இந்த ஊர் விடுதியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இந்திய அணிக்காக அறிமுகமானார்கள். கார்த்தி தன் முதல் போட்டியிலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்தார்.

இவர்களைப் பார்த்து ஸ்டிக்கைத் தூக்கும் சிறுவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: ‘எனக்கு மட்டும் ஏன் பந்து வேகமாகப் போக மாட்டேங்குது?’ பெரும்பாலானவர்கள் தேடும் விடை, கையை முறுக்கேற்றுவது. ஆனால் விடை கையில் மட்டும் இல்லை.

கோல்ஃபில் நடந்த நூறாண்டுச் சண்டை

இந்தக் கேள்வியை அதிகம் அலசியவர்கள் கோல்ஃப் விளையாடுபவர்கள். நம் பக்கத்தில் ஊட்டி, கொடைக்கானல், சென்னை, கோவை என்று சில இடங்களில்தான் கோல்ஃப் மைதானம் உண்டு. ஆனால் ஹாக்கி ஸ்டிக்குக்கும் கோல்ஃப் கிளப்புக்கும் உடல் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

‘கைதான் எல்லாம்’ என்ற கட்சிக்கு இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஜோன்ஸ் பெரிய சாட்சி. முதல் உலகப் போரில் இவர் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அதன் பிறகும் ஒற்றைக் காலில் நின்று ஆடி, தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குச் சமமாக ஸ்கோர் எடுத்தார். கிளப்பின் தலையைச் சரியாக வீசக் கைகளுக்குத் தெரிந்தால் போதும், உடல் தானாகப் பின்னால் வரும் என்பதே பிறகு அவர் கற்றுக்கொடுத்த பாடம்.

எதிர்க்கட்சி அமெரிக்காவின் பென் ஹோகன். 1957-ல் வெளியான ‘ஃபைவ் லெசன்ஸ்’ புத்தகத்தில், கிளப் கீழே இறங்கும்போது முதலில் திரும்ப வேண்டியது இடுப்பு என்று அடித்துச் சொன்னார்.

1968-ல் பிரிட்டன் விஞ்ஞானிகளின் ஆய்வை வைத்து காக்ரனும் ஸ்டாப்ஸும் எழுதிய புத்தகம் பஞ்சாயத்து பண்ணியது. தோளிலிருந்து தொங்கும் கை ஒரு ஊசல். மணிக்கட்டிலிருந்து தொங்கும் கிளப் இன்னொரு ஊசல். இரண்டும் சேர்ந்த இரட்டை ஊசல்தான் ஸ்விங். அதை ஓட்டும் இன்ஜின், கால், இடுப்பு, முதுகில் இருக்கும் பெரிய தசைகள். அவ்வளவு சக்தியைக் கைத்தசை மட்டும் தர முடியாது.

துவைக்கிற கல் தெரியுமா?

துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பவர்களைக் கவனியுங்கள். முதலில் இடுப்பு திரும்பும், பிறகு தோள், பிறகு கை. துணியின் நுனி கடைசியாக வந்து ‘பளார்’ என்று விழும். கோல்ஃபிலும் இதே வரிசைதான். காலால் தரையை உதைக்க, இடுப்பு சுழல்கிறது. இடுப்பு வேகம் குறையும்போது அந்த வேகம் நெஞ்சுக்கும், அங்கிருந்து கைக்கும், கடைசியில் கிளப்புக்கும் கைமாறுகிறது. கிளப் கீழே இறங்கிப் பந்தைத் தொட சுமார் கால் விநாடிதான். அதற்குள் தொழில்முறை வீரர்களின் கிளப் தலை மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

அப்படியானால் கைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. முறுக்கிப் பிடிக்காமல், மடங்கிய மணிக்கட்டைக் கடைசி நொடி வரை காத்து வைத்து, சரியான நேரத்தில் விடுவிப்பது கையின் வேலை. சீக்கிரமே விட்டால், சேர்ந்த வேகமெல்லாம் பந்தைத் தொடும் முன்பே வீண். பந்து எந்தத் திசையில் போகும் என்பதையும் முடிவு செய்வது கைதான்.

தூத்துக்குடிக் கடற்கரைக்கு இது புதுப் பாடமல்ல. கரைவலை இழுப்பவர்கள் கயிற்றைக் கையால் மட்டும் இழுப்பதில்லை. உடம்பைப் பின்னால் சாய்த்து, மணலில் காலை ஊன்றி நகர்கிறார்கள். கை பிடிக்கிறது, இழுப்பது காலும் இடுப்பும். கையால் மட்டும் இழுத்தால் பத்தாவது அடியில் தோள் விட்டுப்போகும்.

டிராக் ஃப்ளிக் சூத்திரம்

ஹாக்கியில் இந்த வித்தையின் உச்சம், பெனால்டி கார்னரில் வரும் டிராக் ஃப்ளிக். அங்கே முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால், கோல் கோட்டைத் தாண்டும்போது பந்து 46 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. ஆனால் இழுத்துச் சுண்டினால் எந்த உயரத்துக்கும் அனுப்பலாம். அதனால்தான் உலகம் முழுக்க இதற்கு மவுசு.

வீரர் ஓடி வந்து, தாழ்ந்து, வலது காலை இடது காலுக்குப் பின்னால் குறுக்காக வைத்து, இடது காலை அகலமாக முன்னால் ஊன்றுகிறார். பின்னால் கிடக்கும் பந்து ஸ்டிக்கோடு ஒட்டியபடியே இழுபடுகிறது. இழுக்கும் தூரம் கூடக் கூட, வேகம் ஏற அதிக நேரம் கிடைக்கிறது. இடுப்பு, நெஞ்சு, தோள் என்று சுழன்று, கடைசியில்தான் மணிக்கட்டு சுண்டுகிறது. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் 15 மீட்டர் தூரத்திலிருந்து வரும் பந்தைத் தடுக்க கோல்கீப்பருக்குக் கிடைப்பது அரை விநாடி மட்டுமே.

முதுகு பத்திரம்!

சிக்கலும் இங்கேதான். ஹாக்கி ஸ்டிக்கின் பின்பக்கத்தால் பந்தை ஆடக் கூடாது. இடது கைப் பழக்கம் உள்ளவரும் வலது கைக்காரர் போலத்தான் ஆட வேண்டும். குனிந்தபடி, ஒரே பக்கமாக, திரும்பத் திரும்பச் சுழலும்போது கீழ் முதுகு மொத்த பாரத்தையும் வாங்குகிறது. இடுப்பும் காலும் பலமாக இல்லாவிட்டால், அந்தக் குறையை முதுகு ஈடுகட்டப் பார்க்கும். ரயில்வே, வங்கி, காவல்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை நம்பி ஆடும் பிள்ளைகளுக்கு முதுகு வலி என்பது வெறும் வலி அல்ல. வாழ்க்கைக் கணக்கே மாறிவிடும்.

வீடியோ பார்த்து நேரே நூறு ஃப்ளிக் அடிக்கத் தொடங்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களுக்குச் சில குறிப்புகள்:

● முதலில் பந்து இல்லாமல் கால் வைப்பும் இடுப்புத் திருப்பமும் பழகட்டும்.

● உட்கார்ந்து எழுதல், பிளாங்க் போன்ற பயிற்சிகளால் காலையும் நடு உடம்பையும் பலப்படுத்தட்டும்.

● எதிர்ப் பக்கமாகவும் உடம்பைத் திருப்பிப் பயிற்சி செய்யட்டும்.

● எத்தனை ஃப்ளிக் என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்யட்டும். களைத்த பிறகு வேண்டவே வேண்டாம்.

● முதுகு வலி விடாமல் இருந்தாலோ, காலுக்கு இறங்கினாலோ தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கை மெலிந்த பையன் அடித்த பந்து வலையைக் கிழிப்பதும், புஜம் பெருத்தவர் அடித்தது பாதியில் நிற்பதும் மைதானத்தில் தினமும் நடப்பதுதான். அடுத்த முறை பார்க்கும்போது கையைப் பார்க்காதீர்கள்; காலைப் பாருங்கள். வேகம் அங்கிருந்துதான் புறப்படுகிறது.