லிப்ட் வாங்கும் முன் தரையைக் கேளுங்கள்

'லிப்ட்' என்றதும் நம் மாணவர் விடுதியில் அடிக்கடி மூச்சு நின்று போகும் மின்தூக்கிதான் உங்கள் நினைவுக்கு வரும். நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. மகிழுந்துப் பட்டறைகளில் வண்டியை ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் சாதனத்தைப் பற்றி. அதை ஒரு சாதாரண இணைப்பு வீட்டின் போர்ச்சில் பொருத்த முடியுமா? சுபாங் ஜெயாவில் உள்ள எங்கள் வீட்டில் மூன்று மாதங்களாக இந்தக் கேள்விதான் இரவுச் சோற்றோடு பரிமாறப்பட்டது.

அப்பா இருபத்தாறு வருடங்கள் பட்டறையில் வேலை செய்தவர். முதுகுவலி தாங்காமல் வேலையை விட்டார். கை சும்மா இருக்கவில்லை. அண்ணனின் மைவி, அப்பாவின் சாகா, நான் பல்கலைக்கழகத்துக்கு ஓட்டிவரும் பழைய கன்சில் ஆகிய மூன்றுக்கும் அவர்தான் வைத்தியர். போன தீபாவளிக்கு முந்திய வாரம் கன்சிலின் பிரேக்கைக் கழற்றிக் கொண்டிருந்தார். போர்ச் தரை, மழைநீர் ஓட வேண்டுமென்று சாலைப்பக்கமாகச் சரிந்திருக்கும். ஜாக்கி மெதுவாக நழுவியது. வண்டி 'தொப்'பென்று இறங்கியது. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வைப்பது அப்பாவின் பழைய பழக்கம். அதன்மேல்தான் வண்டி உட்கார்ந்தது. தேநீர் கொண்டுவந்த நான் குவளையைக் கீழே போட்டுவிட்டேன். அப்பா எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா" என்றார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. தூக்கிய பிறகு இரும்புத் தாங்கிகளை வைத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். இது அப்பாவுக்குத் தெரியாததல்ல. தாங்கிகள் இருந்தன, ஸ்டோர் அறையில்!

அன்றிரவே அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். கிள்ளானில் மூடப்போகும் ஒரு பட்டறையில் இரண்டு தூண் லிப்ட் மலிவாகக் கிடைக்கிறதாம். "எந்தத் தரையிலும் நிற்கும்" என்று விற்பவர் உறுதி சொன்னாராம். இயந்திரப் பொறியியல் படிக்கும் எனக்கு அந்த வாக்கியம் உறுத்தியது.

முதலில் லிப்ட் எப்படித் தூக்குகிறது என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி என்ற மெக்கானிக், முடிதிருத்தும் நாற்காலி எண்ணெய் அழுத்தத்தால் உயர்வதைப் பார்த்து, 1920-களில் மகிழுந்துக்கும் அப்படியொன்றைச் செய்தார் என்பார்கள். அடிப்படை, நாம் பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான். 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 31 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 160 கிலோ அழுத்தம் கொடுத்தால் கிட்டத்தட்ட 5 டன் விசை கிடைக்கும். ஆனால், உயர்ந்து நிற்கும் வண்டியை எண்ணெய் தாங்கக்கூடாது. மேலே போகும்போது 'டக், டக்' என்று விழும் இரும்புப் பூட்டுதான் தாங்க வேண்டும். தேவையான உயரம் வந்ததும் சற்றே இறக்கி அந்தப் பூட்டின்மேல் உட்கார வைத்த பிறகே அடியில் நிற்கலாம்.

சரி, தரைக்கு வருவோம். "சாகா ஒரு டன்தான். லிப்ட் மூன்றரை டன் தூக்கும். அப்புறம் என்ன?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே சிக்கல் எடையில் இல்லை, சாய்வில் இருக்கிறது. இரண்டு தூண் லிப்டில் வண்டி தூணின்மேல் உட்காருவதில்லை. தூணிலிருந்து நீளும் கைகளின் நுனியில் உட்காருகிறது. தூணுக்கு அரை டன் என்றாலும், அந்த அரை டன் முக்கால் மீட்டர் தள்ளி நின்று தூணை உள்பக்கம் சாய்க்கப் பார்க்கும். அப்போது வெளிப்பக்கத்து போல்ட்டுகளைத் தரையிலிருந்து பிடுங்கும் விசை, நான் போட்ட கணக்கில், அரை டன்னைத் தாண்டியது. சாகாவுக்கே இப்படியென்றால் இரண்டு டன் எடையுள்ள ஹைலக்ஸுக்கு? ஆக, போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் கான்கிரீட்தான் உண்மையான லிப்ட். பொதுவாகத் தயாரிப்பாளர்கள் குறைந்தது 4 அங்குலக் கனமும் 3000 பி.எஸ்.ஐ. வலிமையும் உள்ள கான்கிரீட்டைக் கேட்கிறார்கள். விரிசலுக்கும் ஓரத்துக்கும் பக்கத்தில் போல்ட் இறக்கக்கூடாது. மேலே ஒட்டியிருக்கும் டைல்ஸ் கனத்தில் சேராது.

எங்கள் போர்ச்சின் கனம் யாருக்குத் தெரியும்? வீட்டோடும் போர்ச்சோடும் நின்ற தூண்கள் ஆழமான அடித்தளத்தில் நிற்கும். போர்ச் தரையோ பல இணைப்பு வீடுகளில் கொட்டி நிரவிய மண்ணின்மேல் சும்மா படுத்திருக்கும். மண் அமுங்க அமுங்கத் தரையும் இறங்கும். உங்கள் வீட்டு வாசற்படிக்கும் போர்ச்சுக்கும் நடுவே விரிசல் இருக்கிறதா, போய்ப் பாருங்கள். (இன்றைய யு.எஸ்.ஜே. வட்டாரம் ஒரு காலத்தில் சீஃபீல்டு தோட்டம். அங்கே மரம் சீவிய தாத்தா, "மேட்ட வெட்டிப் பள்ளத்துல கொட்டுனானுங்க" என்று அடிக்கடி சொல்வார். அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவே டிரில்லை எடுத்தார். தூண் வரவேண்டிய இடங்களில் இரண்டு துளைகள். வளைத்த கம்பியை விட்டு அளந்தோம். ஓரிடத்தில் 3 அங்குலம், மற்றோரிடத்தில் இரண்டரை. அதற்குக் கீழே மணலும் உடைந்த செங்கல்லும். அப்பா எதுவும் பேசவில்லை. சிமெண்டைக் குழைத்துத் துளைகளை அடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வெற்றியாகத் தோன்றவில்லை. இருபத்தாறு வருடம் லிப்டுக்குக் கீழே நின்றவரிடம் அவருடைய ஆசையைப் பிடுங்கியது போலிருந்தது.

தரையை உடைத்துப் புதிதாகப் போடலாமே என்று மறுநாள் அண்ணன் கேட்டான். போடலாம். ஆனால் கூரை? எங்கள் போர்ச்சின் உயரம் 3 மீட்டர். வண்டி ஒன்றரை மீட்டர். அடியில் நிமிர்ந்து நிற்க அதை 1.8 மீட்டர் தூக்க வேண்டும். மொத்தம் 3.3. கூரையை உயர்த்த மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும், பக்கத்து வீட்டாரோடு பகிரும் சுவரையும் தொட வேண்டும். நான்கு தூண் வகை தரையை அவ்வளவு சோதிக்காது. ஆனால் வண்டி சக்கரத்தில் நிற்பதால் பிரேக் வேலைக்குத் தனி ஜாக்கி வேண்டும், இடத்தையும் அடைத்துக்கொள்ளும். விட்டுவிட்டோம்.

மிஞ்சியது கத்தரி வகை. கத்தரிக்கோல் போல மடிந்து விரியும் இது வண்டியை ஒரு மீட்டர் வரை தூக்கும். சுமை நேராகக் கீழே இறங்கி அகலமான சட்டத்தில் பரவுவதால் போல்ட்டைப் பிடுங்கும் விசை குறைவு. ஒன்றரையும் ஒன்றும் இரண்டரை, கூரை தப்பித்தது! குறையும் உண்டு. வண்டியின் நடுப்பகுதியை லிப்டே மறைத்துக்கொள்ளும். கியர்பாக்ஸை இறக்குவது கடினம். "கியர்பாக்ஸ் இறக்குற வயசா எனக்கு?" என்றார் அப்பா. ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

அதற்கும் மட்டமான தரை வேண்டும். போர்ச்சின் நடுவே டைல்ஸையும் பழைய தரையையும் உடைத்து, மண்ணை இடித்து இறுக்கி, பி.ஆர்.சி. கம்பி வலை விரித்து, 6 அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டோம். சாலைப்பக்கம் 3 சென்டிமீட்டர் மேடானது. மழைநீர் இருபக்கமும் பிரிந்து ஓடுகிறது. கான்கிரீட் முழு வலிமை பெற 28 நாள். இரண்டாம் வாரமே "கல்லாயிருச்சு" என்று அப்பா காலால் தட்டிப் பார்த்தார். நான் நாட்காட்டியைக் காட்டினேன்.

மின்சாரத்தில் ஏமாந்து விடாதீர்கள். பட்டறை லிப்டுகள் பல, மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. வீட்டில் பெரும்பாலும் ஒருமுனைதான். 2.2 கிலோவாட் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் சில மடங்கு. சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் சொருகாமல், உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துத் தனி வயரிங் இழுத்தோம். மழைச்சாரல் படும் இடம் என்பதால் மின்கசிவுத் துண்டிப்பானும் கட்டாயம். இன்னொன்று: இது சொந்த வண்டிகளுக்கு மட்டும். கூலி வாங்கிப் பிறர் வண்டியைத் தொட்டால் அது தொழில். அதற்கு மன்றத்தின் உரிமம் வேண்டும்.

முதலில் ஏற்றியது கன்சிலைத்தான். கதவுக்குக் கீழே உறுதியான விளிம்பில் ரப்பர் கட்டைகளை வைத்து, ஒரு சாண் தூக்கி நிறுத்தி, வண்டியை நால்வரும் ஆட்டிப் பார்த்தோம். அசையவில்லை. மேலே ஏற்றிப் பூட்டில் உட்கார வைத்ததும் அப்பா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, முதுகை வளைக்காமல் பிரேக்கைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றிய சக்கரத்தை வழக்கம்போல அடியில் தள்ளி வைத்தார். வண்டி ஒரு மீட்டர் உயரத்தில் நிற்க, அது கீழே தனியாகக் கிடந்தது. அம்மா அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். அப்பா எடுக்கவில்லை.