அகளிக் கரும்புக்குள் எட்டிப் பார்த்தோம்!

ஆனைகட்டி தாண்டி அட்டப்பாடிக்குள் வந்தால் அகளி. கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம், கரும்பை அதன் தூரத்துச் சொந்தங்களோடு கலப்புச் செய்ய வைத்திருக்கும் மையம் இங்கேதான். கரும்புப் பூ ஆடுவதை எல்லாரும் பார்க்கலாம். நாம் நுழையப்போவது மண்ணுக்கடியில், ஒரு இளம் வேர்நுனிக்குள். சத்தம் போடாம வாங்க!

அடேயப்பா, என்ன நெரிசல்! நூற்றுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள்; திரும்பின பக்கமெல்லாம் நகலெடுப்பு. ஹெலிகேஸ் என்ற நொதி டி.என்.ஏ.வின் முறுக்கை அவிழ்த்தபடி முன்னால் ஓடுகிறது. பின்னாலேயே பாலிமரேஸ், எழுத்துக்கு எழுத்து ஜோடி சேர்த்துக்கொண்டு. ஆசாமிக்கு வீம்பு ஜாஸ்தி. யாராவது பிள்ளையார் சுழி போட்டுக் கொடுத்தால்தான் ஆரம்பிக்கும். எழுதுவதும் ஒரே திசையில்தான். சுழி போடுவது பிரைமேஸ், அதுவும் ஆர்.என்.ஏ.வில்.

ஒரு இழையில் வேலை வழுக்கிக்கொண்டு போகிறது. எதிர் இழையைப் பாருங்க, ஒரே களேபரம்! நூறு, இருநூறு எழுத்து, நிறுத்து, தாவு, புதுச் சுழி, மறுபடி எழுது. 1960-களில் ஜப்பானின் ரெய்ஜி, சுனேகோ ஒகசாகி தம்பதி கண்டுபிடித்த துண்டுகள் இவைதான். ஒட்டுகிற வேலை லைகேஸுக்கு. தப்பெழுத்து விழுந்தால் பாலிமரேஸே பின்வாங்கி அழித்துவிட்டு எழுதுகிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கோவையில் 1930-களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் லென்ஸில் எண்ணியது, இதெல்லாம் முடிந்து சுருண்டு நின்ற குரோமோசோம்களை. இந்த அமளி அப்போது யாருக்கும் தெரியாது.

குரோமோசோம் நுனிக்கு வாங்க, விஷயமே அங்கேதான். ஆர்.என்.ஏ.வில் போட்ட கடைசிச் சுழியை அழித்ததும் அந்த இடம் காலி, நிரப்ப வழியில்லை. இப்படியே விட்டால் நகலுக்கு நகல் குரோமோசோம் குட்டையாகிவிடும். வந்தார் பாருங்க டெலோமெரேஸ், எழுதவேண்டிய மாதிரியைக் கையோடு கொண்டு! டி-டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி, திரும்பத் திரும்ப அதே. நமக்கு ஒரு டி குறைச்சல்.

டெலோமெரேஸின் கைவரிசை முதலில் தெரிந்தது 1984 கிறிஸ்துமஸ் அன்று. லீவு நாளிலும் ஆய்வகத்துக்கு வந்து பார்த்தவர், எலிசபெத் பிளாக்பர்னின் மாணவி காரல் கிரைடர். பார்த்தது ஒரு குளத்து நுண்ணுயிரில். 2009-ல் நோபல் அழைப்பு வந்தபோது கிரைடர் வீட்டில் துணி துவைக்கிற வேலையில் இருந்தாராம்!

முற்றிய இலையில் டெலோமெரேஸைத் தேடாதீங்க. வேர்நுனி, பரு என்று வளர்கிற இடத்தில்தான் அதற்கு வேலை. கரணை நட்டு, அதில் வளர்ந்ததை வெட்டி மறுபடி கரணை நட்டு என்று கோ 86032 ரகக் கரும்பு வயல் வயலாகப் போனாலும் நுனி தேயாததற்கு இந்த ஆளும் காரணம்.

ஐயோ, குரோமோசோமெல்லாம் நடுவில் வரிசை கட்டுது! ஒதுங்குங்க, நம்மையும் ரெண்டாப் பிரிச்சுடப்போகுது!